துண்டுப் பிரசுரத்தில் வந்த காதல் கடிதம்

வரிசையாகச் சொல்கிறேன், தம்பி. வரிசை மாறினால் வழக்கு நிற்காது.

முதல் அநியாயம், எழுபத்து நான்காம் வருடம். கோவில்பட்டியில் ஒரு நூற்பாலை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாம் நாள். மேஸ்திரி முன்னால் செருப்புக் காலோடு நின்றேன் என்று ஒரு ஷிப்ட் முழுக்க கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார்கள். இரண்டாவது, எண்பத்தொன்று. தொண்ணூற்றொரு நாள் வேலைநிறுத்தம். நான் தோளில் தூக்கி ஊர்வலம் போன தலைவர், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் டீக்கடைப் பேப்பரில் படித்துத்தான் எனக்கே தெரியும். மூன்றாவது, எண்பத்து நான்கு. உள்விசாரணை வைத்து என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். சாட்சிகள் இரண்டு பேர். இரண்டு பேரும் மேஸ்திரியின் மச்சினன்மார். நான்காவது, தொண்ணூற்றிரண்டு. சங்கத்தின் வெள்ளிவிழா மலர். நான் பதாகை பிடித்து நிற்கிற போட்டோவைப் போட்டார்கள். பதாகை முழுதாக இருக்கிறது. அதைப் பிடித்த இரண்டு கைகள் இருக்கின்றன. கைகளுக்கு உரியவனை வெட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது, தொண்ணூற்றெட்டு. சினிமா. அதோ, டிரைவர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறதே, அதே மாதிரி ஒரு சினிமா. மற்ற நான்கிலும் என் வேலை போனது, பெயர் போனது. இதில் என் மகள் போனாள். உயிரோடுதான் இருக்கிறாள். மதுரையில் இருக்கிறாள். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். போனால் கதவைத் திறப்பாள், காப்பி தருவாள், டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பதினேழு வருடமாக அவ்வளவுதான்.

கோவில்பட்டியில் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துவிட்டீர்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். எதை நம்பி அழுகிறீர்கள்? பள்ளிக்கூடப் பையனாம், வயது பதினேழாம். அந்த மீசையைப் பார்த்தால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பைக் வைத்திருக்கிறான். பெட்ரோல் யார் போடுகிறார்கள்? காலாண்டு, அரையாண்டு என்று ஏதாவது பரீட்சை உண்டா அந்தப் பள்ளிக்கூடத்தில்? வாத்தியார்களெல்லாம் கோமாளிகள். எங்கள் ஊரில் மூன்று வருடம் பெய்கிற மழையை ஒரே பாட்டில் பெய்துவிட்டார்கள். அத்தனை பேரில் ஒருவனுக்கும் சாதி இல்லை. சாதி இல்லாத பள்ளிக்கூடத்தை எனக்குக் காட்டுங்கள், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன். பெண்ணின் அப்பன் பணக்காரன், வில்லன். சரி, வர்க்கப் பார்வை இருக்கிறதே என்று பார்த்தால், கடைசிக் காட்சியில் அவன் அழுது மன்னிப்புக் கேட்பான். எந்த முதலாளி எந்தக் காலத்தில் அழுதான்?

அந்தப் பெண்ணுக்கோ மொத்தம் இரண்டு வேலை. திரும்பிப் பார்க்க வேண்டும், முடி பறக்க வேண்டும். இப்போது சில படங்களில் பெண்ணே முதலில் போய்ச் சொல்கிறாளாம். அது இதைவிடப் பெரிய பொய். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதெல்லாம் தானாக எங்கே வரும்? எவனாவது புகட்டினால் உண்டு.

கண்டக்டர்! அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

பார்த்தீர்களா? "பெருசு, பிடிக்கலன்னா கண்ண மூடிக்கிடுங்க" என்கிறான். காதை எதால் மூடுவது? இதற்கும் ஒரு மனு எழுதலாம். எழுதுவேன். வேலை போனதிலிருந்து தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன் நான். கோமதிநாயகம் மனு எழுதினால் தாசில்தார் உட்கார்ந்து படிக்க மாட்டார், எழுந்து நின்று படிப்பார். நான் எட்டாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. 

தொண்ணூற்றெட்டுக்கு வருகிறேன். பொங்கலுக்கு ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடக் காதல். எங்கள் ஊரில் பதினோரு வாரம் ஓடியது. பால்காரன் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை அந்தப் பாட்டுத்தான். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வாலண்டினா என்று பெயர். வேதக்காரர்களா, சர்ச்சுக்குப் போகிறவர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை, விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர், சோவியத் பெண் என்று விளக்குவேன். எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் எல்லாம் மாரியும் காளியுமாக இருந்தபோது நான் வைத்த பெயர் அது. பெண்விடுதலை என்பதை நான் மேடையில் மட்டும் பேசியவனில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிலையக் கழிப்பறை பற்றி ஒரு பிரசுரம் எழுத உட்கார்ந்தேன். நான் புதுத்தாளில் எழுதுவதில்லை. ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் வெறுமையாக இருக்கிற தாள்தான் எனக்கு. மகளுடைய பரீட்சை அட்டையில் அப்படி ஒரு தாள் செருகியிருந்தது. உருவி, நான்கு வரி எழுதிவிட்டுத் திருப்பினேன். கடிதம்.

யாருக்கு என்று இல்லை. யார் என்றும் இல்லை. எனக்கு இன்னும் மனப்பாடம். "நீ சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாய். என் முன்னால் மூட வேண்டாம். செவ்வாய்க்கிழமை நீ வரவில்லை. இயற்பியல் வகுப்பு கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது. இருட்டு எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் அன்றைக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை முடியும்வரை நாம் பேச வேண்டாம். படிப்போம். முடிந்த அன்று நானே வந்து பேசுகிறேன். நீ பயப்படாமல் நின்றால் போதும்."

இதை எந்தப் பதினேழு வயதுப் பையன் சொந்தமாக எழுதுவான்? எழுதவே மாட்டான். முழுக்க சினிமா வசனம். இருட்டாம், பழக்கமாம்! எங்கள் வீட்டில் எட்டு வருடம் கரண்ட் கிடையாது. இருட்டு என்றால் என்ன என்று என் வீட்டுக்கு வந்து கேட்டிருக்க வேண்டும் அவன்.

என் மனைவி மாரீஸ்வரி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கட்டை அடுக்குகிற வேலையை, சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவதை, வீட்டுக்குக் கொண்டுவந்து செய்துகொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"அத எடுத்த எடத்துலயே வைங்க."

"என்ன, எடுத்த எடத்துல வைக்கிறதா? எவனோ ஒருத்தன் நம்ம புள்ளைக்கு எழுதியிருக்கான்."

"எவனோவா?" என்று என்னையே பார்த்தாள். "ஏங்க, ஒரு நாளாச்சும் அவ நோட்டப் பொரட்டிப் பாத்திருக்கீகளா?"

"நோட்டப் பாக்குறது வாத்தியார் வேல. ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடுறது ஒன் வேல. பேச்ச மாத்தாத."

"மாத்தல. எழுத்தப் பாருங்கன்னு சொல்லுதேன்."

"பாத்துட்டேன். சினிமா பாத்துக் கெட்டவன் எழுத்து."

அவள் திரும்பிக்கொண்டு குச்சியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் மனைவியிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான், தம்பி. போராட்டக் குணம் கிடையாது. ஒரு விஷயத்தை ஆரம்பிப்பாள், பாதியில் விட்டுவிடுவாள்.

வேறு தகப்பனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? மகளை அடித்திருப்பான், படிப்பை நிறுத்தியிருப்பான், மாமன் மகனுக்குக் கட்டி வைத்திருப்பான். நான் அப்படிப்பட்ட பிற்போக்குவாதி இல்லை. மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவளை விசாரிப்பது இரண்டாவது தண்டனை என்று நானே எழுதியிருக்கிறேன். இது தனிப்பட்ட பிரச்சினை இல்லை, சமூகப் பிரச்சினை. சமூகப் பிரச்சினையை எங்கே கொண்டுபோக வேண்டும்? மக்களிடம். பிரசுரம் போட்டேன்.

தலைப்பு: "மாணவ சமுதாயத்தைப் பாழாக்கும் காதல் படங்கள்! பெற்றோரே, விழித்தெழுங்கள்!" அதன் கீழே, கட்டம் கட்டி, அந்தக் கடிதம். சான்று இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை. மகளின் பெயரைப் போடவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும். "எமது இல்லத்தில் கைப்பற்றப்பட்ட கடிதம்" என்று மட்டும் போட்டு, கீழே என் பெயரையும் முகவரியையும் போட்டேன். முகவரி இல்லாத பிரசுரம் மொட்டைக் கடுதாசி; அது கோழைகள் செய்வது.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற ஆவுடையப்பன் பாதி கோத்துவிட்டு எழுந்து வந்தான். "தோழர், நல்லாத்தான எழுதியிருக்கு. இத எதுக்குத் திட்டுறீக?"

"திட்டுறது எங்க வேல. கோக்குறது ஒங்க வேல."

"சரி தோழர்" என்று போனவன் திரும்பி வந்தான். "இந்தக் 'கரண்ட் போன வீடு' வரியக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடட்டுமா?"

ஆயிரம் பிரதி. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் நானே நின்று கொடுத்தேன். தம்பி, முப்பது வருடத்தில் நூற்றைம்பது பிரசுரம் போட்டிருக்கிறேன். கொடுத்ததும் கசக்கித் தரையில் போடுவார்கள். இதை ஒருவன் போடவில்லை. தெருவில் நின்று படித்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்து இன்னொன்று கேட்டு வாங்கினார்கள். மறுநாள் இன்னும் ஐந்நூறு அடிக்க வேண்டியிருந்தது. வெகுஜன ஆதரவு என்றால் அது.

ஒரே ஒரு குறை. கட்டம் கட்டின இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். என் எழுத்தெல்லாம் பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டியில் கிடந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தாள். பையன்கள் வழியெல்லாம் அவள் பின்னாலேயே அந்தக் கடிதத்தை ஒப்பித்துக்கொண்டு வந்தார்களாம். வந்தவள் என் முன்னால் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தலையில் கை வைத்து, "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. அப்பா பாத்துக்கிடுதேன்" என்றேன். இதைவிட ஒரு தகப்பன் என்ன ஆதரவு கொடுக்க முடியும்? இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. அவமானப்பட்ட பிள்ளை. எழுதினவன் மேல் கோபம் எனக்கு இன்னும் ஏறியது.

இது என்ன ஊர், சாத்தூரா? வெள்ளரிக்காய் வாங்குகிறீர்களா? வேண்டாமா? சரி.

எழுதினவன் யார் என்று புதன்கிழமை தெரிந்துவிட்டது. சேர்மராஜ் என்று ஒரு பையன், அவள் வகுப்பு. ஒல்லியாக, முன்பல் ஒன்று உடைந்து, ஆளைப் பார்த்தால் பரிதாபமாக இருப்பான். எந்தச் சினிமாக்காரனும் கூட்டத்தில் நிற்கக்கூடக் கூப்பிட மாட்டான். அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸில் அந்தக் கடிதம், கட்டத்தை மட்டும் அழகாகக் கத்தரித்து, நான்காக மடித்து இருந்ததாம். இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வைத்திருந்தார்கள், அது உண்மை. ஆனால் இவன் பிரசுரத்தை யார் வாசித்தாலும் எழுந்து வெளியே போயிருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு.

தலைமையாசிரியர் தனுஷ்கோடி சாரிடம் போனேன். எழுத்தில் கொடுத்தேன். இந்த மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும். தவறினால் பள்ளி வாசலில் தொடர் உண்ணாவிரதம்.

"பப்ளிக் பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கு, தோழர்" என்றார் அவர். "இப்ப டி.சி. குடுத்தா பையன் பரீட்ச எழுத முடியாது. ஒரு வருஷம் போயிரும். அந்த வீட்ல ஒரு வருஷம் போனா மொத்தமாப் போயிரும். ஒங்களுக்குத் தெரியாததில்ல."

"எனக்கு எல்லாம் தெரியும். விசாரணை வைங்க. முறைப்படி வைங்க."

முறை என்பது என்ன? கேளுங்கள், இது உங்களுக்கும் உதவும். மில்லில் ஒருவன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால் குற்றப்பத்திரிகை எழுத வேண்டும். அதை இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். பெயரைத் தெளிவாக வாசிக்க வேண்டும். வாசித்தபின் திருத்தம் கிடையாது. எனக்கு மச்சினன்மாரை வைத்து வாசித்தார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நடுநிலையான சாட்சிகள் கேட்டேன். தமிழ் எடுக்கிற எஸ்தர் டீச்சர் ஒருவர். பெற்றோர் சங்கத்துச் செயலாளர், மருந்துக்கடை சுப்புராம் ஒருவர். குற்றப்பத்திரிகையை நானே எழுதினேன். சட்ட நுணுக்கத்தோடு, ஒரு பக்கம்.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் பீரியட். தலைமையாசிரியர் அறை. பையன் சுவரோரம் நின்றான். அவனுடைய அம்மா பேச்சியம்மாள் வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தாள்; விரலெல்லாம் தீக்குச்சி மருந்து ஒட்டியிருந்தது. என் மனைவியோடு அதே தீப்பெட்டி ஆபீஸில் உட்காருகிறவள்தான்.

"அண்ணாச்சி, இன்னும் இருபது நாளு. பரீட்ச மட்டும் எழுதட்டும். பெறகு எந்த ஊருக்குன்னாலும் கூட்டிட்டுப் போயிருதேன். ஒங்க புள்ள இருக்க பக்கம் திரும்ப மாட்டான்."

"இது கருணையில முடிக்கிற விஷயமில்லம்மா."

"நீங்க எங்களுக்காகத்தான அண்ணாச்சி கொடி புடிச்சீக?"

"வர்க்கத்துக்காகப் புடிச்சேன். காலிகளுக்காகப் புடிக்கல."

தனுஷ்கோடி சார் பையனிடம் கேட்டார். "லே, நேராச் சொல்லு. இத நீயா எழுதுன?"

பையன் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லுலே. நான் பாத்துக்கிடுதேன். யாரு எழுதுனது?"

அவனுடைய அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். "வாயத் தொறந்து சொல்லேண்டா, பாவி!" பொத்தின கையை அவன் எடுக்கவே இல்லை. படத்தில் கதாநாயகன் இப்படித்தான் பழியைச் சுமந்துகொண்டு நிற்பான். அதைப் பார்த்து வந்து காப்பி அடிக்கிறான். எழுதினதும் காப்பி, நிற்பதும் காப்பி. மௌனம் ஒப்புதலுக்குச் சமம் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

எஸ்தர் டீச்சர் மேஜையில் இருந்த அசல் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "சார், இந்தக் கையெழுத்து..."

"டீச்சர், சாட்சிகள் கேக்காமப் பேசக் கூடாது" என்றேன்.

"இல்ல சார், நான் ரெண்டு வருஷமா இந்தக் கையெழுத்தத் திருத்தி..."

"கேட்டா மட்டும் சொல்லுங்க."

மருந்துக்கடை சுப்புராம் வாட்சைப் பார்த்தார். தனுஷ்கோடி சார் டி.சி. புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவருக்கு இஷ்டமில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் உண்ணாவிரதத்துக்குப் பயம். அதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான்.

குற்றப்பத்திரிகையை யார் வாசிப்பது என்று ஒரு கேள்வி வந்தது. நான் வாசிக்கக் கூடாது, நான் புகார்தாரர். தலைமையாசிரியர் வாசிக்கக் கூடாது, அவர் தீர்ப்பு சொல்கிறவர். பாதிக்கப்பட்டவரே வாசிக்கட்டும் என்றேன். அதுதான் நியாயம். அதில் ஒரு கம்பீரமும் இருக்கிறது. ஒரு பெண், தனக்கு அநீதி செய்தவனின் பெயரைச் சபை நடுவில் வாசிப்பது. எந்தச் சினிமாவிலும் அப்படி ஒரு காட்சி வராது, தம்பி. நான் மட்டுமே யோசிக்கக்கூடிய காட்சி.

மகளைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

அவள் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் படத்தைப் பார்த்த மயக்கத்தில் ஏதாவது கற்பனை செய்வீர்கள். அவர்கள் இரண்டு பேரும் சேரவில்லை. பரீட்சை முடிந்த அன்று யாரும் யாரிடமும் போய்ப் பேசவில்லை. பையன் அந்த மே மாதமே ஊரைவிட்டுப் போய்விட்டான், தாயையும் கூட்டிக்கொண்டு. திருப்பூர் என்றார்கள், பம்பாய் என்றார்கள். மகள் மதுரையில் படித்தாள், வேலைக்குப் போனாள், கூட வேலை பார்க்கிற ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எனக்குத் தபாலில் தகவல் வந்தது. படமாக இருந்தால் பத்து வருடம் கழித்து ஏதாவது ரயில் நிலையத்தில் இரண்டு பேரையும் நிறுத்தி வயலின் வாசித்திருப்பார்கள். வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லை. ஆகவே படம் பொய். இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்?

வந்தாள். இரட்டைச் சடை, யூனிபார்ம், உள்ளங்கையில் மை. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் நின்றவனைப் பார்த்தாள். திறந்து கிடந்த டி.சி. புத்தகத்தைப் பார்த்தாள்.

நான் குற்றப்பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். "பயப்படாம வாசிம்மா. நிறுத்தி, நிதானமா. பெயர் வர்ற எடத்துல சாட்சிகளுக்குக் கேக்குற மாதிரி வாசிக்கணும். அதுதான் முறை."

"வாசிச்ச பெறகு மாத்த முடியாதுல்லப்பா?"

"முடியாது."

"யாராலயுமா?"

"யாராலயும் முடியாது. நான் எதுக்கு இருக்கேன்?"

வாசித்தாள். நாள், இடம், கிழமை. நான் எழுதின வாக்கியங்களை அவ்வளவு தெளிவாக நானே வாசித்திருக்க மாட்டேன். "மேற்படி ஆபாசக் கடிதத்தை எழுதி மாணவ சமுதாயத்தின் ஒழுக்கத்துக்குக் களங்கம் விளைவித்தவர்" என்பதுவரை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அங்கே நிறுத்தினாள். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையன் முதல் தடவையாகக் கையை எடுத்துவிட்டு, "வேண்டாம்" என்றான். அவனைப் பேச விடக் கூடாது என்று நான் கையைக் காட்டினேன்.

"ம், பெயர வாசி" என்றேன். "சத்தமா."

அவள் தாளைப் பார்க்கவில்லை. எஸ்தர் டீச்சரையும் மருந்துக்கடைக்காரரையும் ஒருவர் பின் ஒருவராக முகத்தைப் பார்த்து, வெளியே வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்:

"கோ. வாலண்டினா. தகப்பனார் பெயர் கோமதிநாயகம். பன்னிரண்டாம் வகுப்பு, அ பிரிவு."